கடைசிப் பத்து விநாடி: மட்டக்களப்பு, அம்பாறைச் சேகரிப்பாளர்களுக்கான இணைய ஏல வழிகாட்டி

பழைய சிலோன் முத்திரை, நாணயம், பணத்தாள், தபாலட்டை தேடுகிறவருக்கு நம் பக்கத்துக் கடைத்தெருக்களில் கிடைப்பது சொற்பம். பெரும்பாலானவர்கள் ஈபே போன்ற வெளிநாட்டு ஏலத் தளங்களுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே இங்கிருந்து ஏலம் கேட்பவருக்குத் தபால் செலவும் நேர வித்தியாசமும் பாதகம். ஊரைத் தெரிந்திருப்பது சாதகம். வாழைச்சேனை, ஏறாவூர், சம்மாந்துறை, பொத்துவில் என்று ஒரு பழைய கடித உறையில் மங்கிக் கிடக்கும் தபால் முத்திரைக் குத்தை (தபாலகம் அடித்த ஊர்ப்பெயர் அச்சை) லண்டனில் இருக்கும் விற்பனையாளர் பெரும்பாலும் "சிலோன் கவர்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதை வாசிக்கத் தெரிந்தவர் நீங்கள். அந்த அறிவை ஏலம் முடியுமுன் மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுக்காமல் வைத்திருப்பதுதான் உத்தி. மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

ஏலம் எப்படி மூடுகிறது என்பதை முதலில் பாருங்கள்

கோயில் திருவிழாவில் மாம்பழத்தை ஏலம் விடும்போது "ஒருதரம், ரெண்டுதரம்" என்று வந்த பிறகு யாராவது கூட்டிக் கேட்டால், எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கேட்க ஆள் இருக்கும்வரை ஏலம் முடியாது. கட்டாவிக்கி என்ற ஏலத் தளத்தில் இந்த முறைதான்: கடைசி நேரத்தில் ஒருவர் கேட்டால் கடிகாரம் நீளும். ஈபேயில் அப்படியில்லை. அறிவித்த விநாடி வந்ததும் ஏலம் மூடிவிடும், எத்தனை பேர் விரலை வைத்துக்கொண்டிருந்தாலும் சரி. கடைசி விநாடியில் கேட்கும் 'ஸ்னைப்பிங்' உத்தி ஈபே போன்ற இடத்தில் மட்டுமே பலிக்கும். நேரம் நீளும் தளத்தில் கடைசி நிமிடம்வரை காத்திருப்பதால் கிடைப்பது பதற்றம் மட்டும்தான்.

அடுத்தது, ஈபே உங்கள் சார்பில் கேட்கும் முறை. நீங்கள் கொடுப்பது உச்சத்தொகை. அதை ஈபே மறைத்து வைத்துக்கொண்டு, எதிராளியை முந்தத் தேவையான அளவு மட்டும் ஏற்றும். ஏற்றத்தின் அளவு விலையைப் பொறுத்தது. அமெரிக்கத் தளத்தில் 5 டொலரிலிருந்து 24.99 வரை 50 சதம், 25 முதல் 99.99 வரை 1 டொலர், 100 முதல் 249.99 வரை 2.50, 250 முதல் 499.99 வரை 5 டொலர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் உறை 12.50 டொலரில் நிற்கிறது. முன்னணியில் இருப்பவரின் மறைந்த உச்சம் 31. உங்களுக்கு அது தெரியாது. நீங்கள் 20 கேட்டால் விலை உடனே 20.50க்குப் போகும், முன்னணி அவரிடமே இருக்கும். 25 கேட்டால் 26. 30 கேட்டால் 31. கடைசியில் 33 கேட்டால்தான் 32 டொலருக்கு உங்கள் பெயர் வரும். முதலிலேயே ஒரே தடவையில் 33 கேட்டிருந்தாலும் அதே 32தான்.

அப்படியானால் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பதில் என்ன நட்டம்? எதிராளி உச்சத்தைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டால் நட்டமில்லை. ஆனால் அவர் விழித்திருந்தால், உங்கள் ஒவ்வொரு ஏலக்கேள்வியும் அவருக்கு "நீங்கள் முந்தப்பட்டுவிட்டீர்கள்" என்றோ "விலை ஏறுகிறது" என்றோ ஓர் அறிவிப்பாகப் போகும். அவர் திரும்பி வந்து 31ஐ 45 ஆக்குவார். இதைவிடப் பெரிய நட்டம், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மூன்றாமவர் "இதில் ஏதோ இருக்கிறது" என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது. குத்தில் இருக்கும் ஊர்ப்பெயரை அவரும் வாசித்துவிட்டால் உங்கள் சாதகம் போய்விட்டது.

பொருளியலாளர்கள் ஆல்வின் ரோத்தும் அக்செல் ஒக்கன்ஃபெல்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அன்றைக்கு அமேசனும் ஏலம் நடத்தியது. கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் அங்கே நேரம் நீளும், ஈபேயில் நீளாது. கடைசி நேர ஏலக்கேள்வி ஈபேயில்தான் அதிகம். கணினிப் பொருட்களைவிடப் பழம்பொருட்களில் இன்னும் அதிகம். புதுக் கணினியின் பெறுமதி எல்லோருக்கும் தெரியும். பழம்பொருளின் பெறுமதி தெரிந்தவர் சிலர்தான், அவர்கள் வாய் திறப்பதே மற்றவர்களுக்குத் தகவல். சேகரிப்பாளர் அமைதியாக இருக்க வேண்டிய காரணம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் இல்லை.

தேடுவது

விற்பனையாளர் சரியாக எழுதிய பொருளுக்குப் போட்டி அதிகம். தப்பாக எழுதியதற்குக் குறைவு. மட்டக்களப்பின் ஆங்கிலப் பெயரில் 'டி' இரண்டு உண்டு. ஒன்று விடுபட்ட எழுத்திலும், கடைசி 'ஏ' விடுபட்ட எழுத்திலும் தனித்தனியாகத் தேடிச் சேமித்து வையுங்கள். சிலோன் என்ற பெயரில் எழுத்து இடம்மாறியதையும் தேடுங்கள். ஊர்ப்பெயரே போடாத "சிலோன் கவர்", "சிலோன் கட்டு" வகைகளை வாரம் ஒருதரம் படம் படமாகப் பார்ப்பதில்தான் நல்லவை அகப்படும்.

அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் கடிதங்களைச் சில விற்பனையாளர்கள் மட்டக்களப்பு மாவட்டம் என்று போடுவதுண்டு. அம்பாறைச் சேகரிப்பாளர் அந்தப் பெயரிலும் தேட வேண்டும்.

அகப்பட்டதும் கேட்கும் பொத்தானைத் தொடாதீர்கள். 'கவனிக்கும் பட்டியலில்' மட்டும் சேருங்கள். பட்டியலில் எத்தனை பேர் சேர்த்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை வேண்டுமானால் வெளியே தெரியலாம், நீங்கள் யார் என்று தெரியாது.

சரிபார்ப்பது: மூன்று நாளுக்கு முன்

முதலில் தபால். பக்கத்தில் இலங்கைக்கு அனுப்புவாரா என்று பாருங்கள். அனுப்பாத நாடுகளிலிருந்து கேட்பதையே விற்பனையாளர் தடுத்து வைத்திருக்கலாம். அது பலருக்குத் தெரியவருவது கடைசிப் பத்து விநாடியில், "உங்களால் கேட்க முடியாது" என்று சிவப்பு எழுத்து வரும்போதுதான். இலங்கை இல்லையென்றால் மூன்று நாளுக்கு முன்பே செய்தி அனுப்பி, பதிவுத் தபாலில் அனுப்ப முடியுமா, எவ்வளவு என்று கேளுங்கள். கேள்வியில் பொருளின் அருமையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

பிறகு பொருள். முன்பக்கம், பின்பக்கம், நாணயமானால் ஓரம் என எல்லாப் படமும் இருக்க வேண்டும். வகைக்கு வகை ஏமாற்றும் இடம் வேறு.

சிலோனின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1இல் வெளியான 6 பென்ஸ். அந்தக் காலத்து முதல் வெளியீடுகளுக்குப் பல்வெட்டு (ஓரத்தில் பல்போல் இருக்கும் துளைவெட்டு) கிடையாது. பின்னால் வந்த பல்வெட்டு முத்திரையின் ஓரத்தைக் கத்தரித்து பல்வெட்டில்லாததாக விற்பது பழைய தந்திரம். நாலு பக்கமும் தாராளமான ஓரம் இல்லாத ஒன்றை நம்பாதீர்கள். 1859இன் 4 பென்ஸ் மங்கிய ரோஸ் சிலோன் முத்திரைகளிலேயே பெயர்போனது. ஈபேயில் அது மலிவாக வந்தால் கடந்துபோங்கள். லண்டன் ரோயல் பிலாட்டலிக் சொசைட்டி போன்ற இடத்தின் சான்றிதழ் இல்லாமல் அந்த வகையில் பணம் போடக்கூடாது. உயர்ந்த பெறுமதி ரூபாய் முத்திரைகளில் இன்னொரு கள்ளம்: பத்திரத்தில் ஒட்டிப் பேனாவால் கோடிட்ட முத்திரையிலிருந்து மையை இரசாயனத்தில் கழுவிவிட்டுப் புதிது என்று விற்பார்கள். நிறம் சோர்ந்து, தாளின் மேற்பரப்பு பஞ்சுபோல் தெரிந்தால் அதுதான்.

பயன்படுத்தாத முத்திரைக்கு ஒட்டுப்பசை முழுதாக இருந்தால் விலை பலமடங்கு கூடும். வாவியோரக் காற்றின் ஈரத்தில் அந்தப் பசை நாளடைவில் அல்பத்தோடு ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளி விழும். ஈரம் தாக்காத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் இல்லாத வீட்டுக்கு அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்காதீர்கள். குத்து விழுந்த முத்திரையும் உறையும் இந்தக் காலநிலைக்குப் பொருத்தம், நமக்குச் சுவையும் அதில்தான்.

வெள்ளி நாணயத்துக்கு நிறை கேளுங்கள். 1957 புத்த ஜயந்தி 5 ரூபாய் நாணயம் 28.28 கிராம், 925 தர வெள்ளி. தூய வெள்ளி மட்டும் ஏறக்குறைய 26 கிராம். அன்றைய வெள்ளி விலைக்கும் கீழே அது 'உடனே வாங்கு' விலையில் கிடக்கிறதென்றால் சந்தேகப்படுங்கள். தராசில் வைத்த படம் தர மறுப்பவரிடம் ஏலம் கேட்க வேண்டாம். 1870இல் தொடங்கிய பனைமரச் செம்புச் சதங்கள் புத்தம்புதுச் செம்புபோல் மின்னினால் பெரும்பாலும் தேய்த்துக் கழுவியவை. சேகரிப்பாளர் மதிப்பு அதில் பாதிகூட இராது. யாழ்ப்பாண அரசின் சேதுக் காசுக்கு ('சேது' என்ற எழுத்தும் நந்தியும் பொறித்தது) வார்ப்புப் போலிகள் ஏராளம்: ஓரத்தில் இணைப்புக் கோடு, மேற்பரப்பில் குமிழ்க்குழி, மழுங்கிய நந்தி ஆகியவை அடையாளம்.

இந்தியாவில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். அதை அனுமதியின்றி நாட்டைவிட்டு அனுப்பக்கூடாது. அங்கிருந்து பழைய காசை "பரிசுப் பொருள்" என்று எழுதி அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். வழியில் பறிபோனால் கேட்க வழியில்லை.

உச்சத்தொகையை ரூபாயில் முடிவுசெய்யுங்கள்

ஈபேயில் 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டால் கடந்த 90 நாளில் உண்மையில் கொடுத்த விலைகள் வரும். பட்டியலில் போட்டிருக்கும் விலை ஆசை, விற்ற விலைதான் சந்தை. முத்திரைகளுக்கான விலைப் புத்தகமான ஸ்டான்லி கிபன்ஸ் கட்டலொக் விலையை அப்படியே எடுக்காதீர்கள். சாதாரணத் தரத்து முத்திரை அதன் ஒரு பகுதிக்குத்தான் ஏலத்தில் போகும்.

இப்போது வீட்டு வாசலில் வந்து சேரும் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஓர் உறைக்கு எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்தான் கொடுப்பேன் என்று வைத்துக்கொள்வோம். சுங்கம், கையாளும் கட்டணம் என்று 1,000 ஒதுக்கினால் மிச்சம் 17,000. வங்கி கார்ட்டுக்கு எடுக்கும் நாணய மாற்றுக் கட்டணம் 3 வீதம் என்றால் 17,000ஐ 1.03ஆல் பிரிக்க 16,505. டொலர் 300 ரூபாய் என்றால் 55.02 டொலர். தபால் 14 டொலர். உங்கள் உச்சம் 41.02. உண்மையான வீதங்களை உங்கள் வங்கியிடம் கேட்டுப் போடுங்கள், கார்ட் கொடுப்பனவுக்கு முத்திரைத் தீர்வை என்ற வரி உண்டா என்றும் கேளுங்கள். சேகரிப்பாளர் பலர் தடுமாறுவது இந்தத் தபால் 14 டொலரில்தான். ஒரே விற்பனையாளரிடம் நாலைந்து பொருளுக்குக் கேட்டு, வென்றதை ஒன்றாகப் பொதிசெய்யச் சொன்னால் அந்தச் செலவு பங்கிடப்பட்டு ஒவ்வொன்றின் உச்சமும் கூடும். தூரத்திலிருந்து கேட்பவருக்கு இதைவிட நல்ல ஆயுதமில்லை.

41.02 என்று வந்ததை 41 ஆக்காதீர்கள். இருவர் ஒரே தொகையைப் போட்டால் முதலில் போட்டவருக்குத்தான் பொருள். கடைசியில் வரும் நீங்கள் எப்போதும் இரண்டாமவர். முழு எண்ணில் நிற்கும் பலரை இரண்டு சதம் முந்தும்.

அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி கணினிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஏலம் முடியும்வரை அதை மாற்றுவதில்லை.

நேரம்

இலங்கைக்குக் கோடை நேரம், குளிர்கால நேரம் கிடையாது. அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் உண்டு. அமெரிக்க மேற்குக்கரை நேரத்தோடு கோடையில் 12½ மணி, குளிர்காலத்தில் 13½ மணி கூட்ட வேண்டும். இங்கிலாந்தோடு 4½, 5½. இங்கிலாந்தில் பல விற்பனையாளர்கள் ஞாயிறு இரவு 8 மணிக்கு முடியும்படி போடுவார்கள். நமக்கு அது கோடையில் திங்கள் அதிகாலை 12.30, குளிர்காலத்தில் 1.30. மேற்குக்கரை ஞாயிறு மாலை 6 மணி நமக்குத் திங்கள் காலை 6.30 அல்லது 7.30. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும், இங்கிலாந்து மார்ச் கடைசி ஞாயிறும் மாறும். இடையில் வரும் வாரங்களில் பழகிய கணக்குப் பிழைக்கும். தேதியைவிட, பக்கத்தில் ஓடும் 'மீதி நேரத்தை' நம்புங்கள்.

கடைசிப் பத்து நிமிடம்

பத்து நிமிடம் இருக்கும்போது வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். கடவுச்சொல்லும் போனுக்கு வரும் குறியீடும் கேட்பதானால் இப்போதே கேட்கட்டும். சில பொருட்களுக்கு ஏலம் கேட்கும்போதே கார்ட் விவரமும் கேட்கும். ஆகவே பெரிய ஏலத்துக்கு முன் மலிவான ஒரு பொருளை வாங்கி, கார்ட் வெளிநாட்டு இணையக் கொள்வனவுக்குத் திறந்திருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு சாளரம் திறவுங்கள். ஒன்றில் விலையும் மீதி நேரமும். மற்றதில் தொகையைத் தட்டி, உறுதிப்படுத்தும் பொத்தானுக்கு முந்திய படியில் நிறுத்தி வையுங்கள். தட்டிய எண்ணில் புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா என்று வாய்விட்டு வாசியுங்கள். 41.02 கேட்கப்போய் 4102 கேட்டவர்கள் உண்டு. ஈபே தட்டச்சுப் பிழைக்கு வாபஸ் பெற அனுமதிக்கும், ஆனால் கடைசி 12 மணி நேரத்தில் போட்டதை ஒரு மணி நேரத்துக்குள்தான் எடுக்கலாம். ஏலமே மூடிவிட்டால் எடுக்க எதுவுமில்லை.

ஒரு நிமிடம் இருக்கும்போது விலை உங்கள் உச்சத்தைத் தாண்டிவிட்டால் அங்கேயே விடுங்கள். நெஞ்சு படபடக்கும், "இன்னும் ஐந்து டொலர்தானே" என்று தோன்றும். அந்த ஐந்து டொலரைத்தான் எதிராளியும் யோசித்துக்கொண்டிருக்கிறார். விலையை ஏற்றுவது பொருள் அல்ல, இருவரின் தோற்க விரும்பாமைதான்.

தாண்டாவிட்டால், நல்ல பைபர் இணைப்பில் 6, 7 விநாடி இருக்கும்போதும், கைபேசித் தரவில் 10 முதல் 12 விநாடி இருக்கும்போதும் அழுத்துங்கள். 3 விநாடிவரை காத்திருப்பதில் கூடுதல் லாபம் எதுவுமில்லை. எதிராளி கண்டு, யோசித்து, தட்டி, உறுதிசெய்ய 10 விநாடி போதாது.

கார்த்திகை, மார்கழி வாடைமழைக் காலத்தில் மின்சாரம் போகும். ரூட்டருக்குச் சின்ன யூ.பி.எஸ். ஒன்றும், வேறு வலையமைப்பின் சிம் உள்ள போனும் கைவசம் இருக்கட்டும். நள்ளிரவில் விழிக்க முடியாதவர்கள் ஜிக்சன் போன்ற ஸ்னைப்பிங் சேவையைப் பயன்படுத்தலாம். ஈபே இதைத் தடுப்பதில்லை. தொகையைக் கொடுத்துவிட்டால் அவர்களின் சேர்வரிலிருந்து கடைசி விநாடிகளில் கேட்கும், கல்லடியில் கரண்ட் போனாலும் பாதிப்பில்லை. ஒரே மாதிரியான ஐந்து நாணயத்தைக் குழுவாகப் போட்டு, ஒன்றை வென்றதும் மற்றதை நிறுத்தச் சொல்லும் வசதியும் உண்டு. இதற்கு உங்கள் ஈபே கடவுச்சொல்லை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். கொடுப்பதானால் அந்தக் கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள்.

விலையேற்றும் கள்ள ஏலக்கேள்விகள்

கேட்டவர்களின் பட்டியலைத் திறந்தால் மறைத்த பெயர்கள் வரும். ஒருவரைத் தொட்டால், கடந்த 30 நாளில் அவர் கேட்டவற்றில் எத்தனை வீதம் இந்த விற்பனையாளரிடம் என்று காட்டும். நூறு வீதத்துக்குக் கிட்ட, மதிப்பெண் குறைவு, வாபஸ் பெற்றவை பல, வென்றது அபூர்வம் என்றால் ஒதுங்குங்கள். முன்கூட்டியே உச்சத்தைப் போட்டு வைப்பவரைத்தான் இப்படிப்பட்டவர்கள் தடவித் தடவி மேலே ஏற்றுவார்கள். கடைசி விநாடியில் வருபவரை ஏற்ற அவர்களுக்கு நேரமில்லை.

தோற்ற பிறகு, அதே பொருளை உங்களுக்குத் தருவதாக விற்பனையாளரிடமிருந்து 'இரண்டாம் வாய்ப்பு' வரலாம். அதில் கேட்கும் விலை உங்கள் உச்சத்தொகை. ஈபேயின் செய்திப் பெட்டிக்குள் வந்தால்தான் அது உண்மை. மின்னஞ்சலில் மட்டும் வந்து வேறு கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் மோசடி.

ஏல நிறுவனங்களும் முகநூலும்

ஸ்பிங்க், நூனன்ஸ் போன்ற லண்டன் நிறுவனங்களில் சுத்தியல் விலைக்குமேல் (ஏலம் நின்ற தொகைக்குமேல்) வாங்குபவர் கட்டணம் உண்டு. 20 முதல் 25 வீதம் சாதாரணம், இடைத்தளம் வழியாகக் கேட்டால் இன்னும் கொஞ்சம். மேலே சொன்ன பின்னோக்கிக் கணக்கில் வங்கியின் 3 வீதத்தைப் போல இதற்கும் பிரித்துக்கொள்ளுங்கள். இங்கே உச்சத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டுத் தூங்கலாம், கடைசி விநாடி என்று ஒன்றில்லை.

முகநூல் குழு ஏலங்களில் குழு நிர்வாகி போட்ட விதிதான் சட்டம். கடைசிக் கேள்விக்குப் பிறகு நேரம் நீளுமா, யாருடைய கடிகாரம் என்று முதலிலேயே கேட்டுப் படமெடுத்து வையுங்கள். கருத்துகளைப் 'புதியவை முதலில்' என்று மாற்றாவிட்டால் உங்களை முந்தியவரின் கேள்வி கண்ணில் படாமலே போகும்.

வென்ற பிறகு

ஒரே விற்பனையாளரிடம் இன்னும் ஏலம் மிச்சமிருந்தால், பணம் கட்டுமுன் மொத்தக் கணக்குத் தரச் சொல்லுங்கள். ஆனால் நாலு நாளுக்குமேல் கட்டாமல் விட்டால் விற்பனையாளர் ரத்துச் செய்யலாம், உங்கள் கணக்கில் கரும்புள்ளி விழும். பேபாலில் இலங்கையிலிருந்து பணம் கட்டலாம். முகவரியில் தபால் குறியீடு கட்டாயம்: மட்டக்களப்பு 30000, கல்முனை 32300, அம்பாறை 32000. கைபேசி எண்ணையும் சேருங்கள். சுங்கப் படிவத்தில் பெறுமதியைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். தொலைந்தால் கிடைக்கும் நட்டஈடும் அந்தக் குறைந்த தொகைதான்.

பொதியைப் பிரிக்கும்போது கைபேசியில் ஒரே ஓட்டமாகப் படமெடுங்கள். அன்றே நிறை, ஓரம், பின்பக்கம் பாருங்கள். விவரித்தபடி இல்லையென்றால் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தும், வரவேயில்லையென்றால் ஈபே சொன்ன கடைசி விநியோகத் தேதியிலிருந்தும் 30 நாளுக்குள் முறையிட வேண்டும். கிழக்கே வரும் தபால் தாமதிப்பதுண்டு. "நாளை வரும், நாளை வரும்" என்று விற்பனையாளர் இழுத்தடித்தாலும் 25ஆம் நாள் முறைப்பாட்டைத் திறந்துவிடுங்கள். பொருள் வந்து சேர்ந்தால் அதை மூடிவிடலாம்.